ஆய்க்குடியும் தடையற்ற கட்டடங்களின் வரலாறும்

தடையற்ற கட்டடச் சூழல் என்பது நடக்க இயலாதவர், பார்வையற்றவர், காது கேளாதவர், முதியவர், கர்ப்பிணி என உடல்நிலை வேறுபட்ட எவரும் பிறர் தயவின்றி நுழைந்து, நடமாடி, பயன்படுத்தி, வெளியேறக்கூடிய கட்டடங்களையும் தெருக்களையும் குறிக்கும். இந்தியாவில் இது 1995இல்தான் சட்டத்தில் இடம்பெற்றது. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தேவையிலிருந்து பிறந்த ஓர் அமைப்பு தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ளது. 1981இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த ஒருவரால் நிறுவப்பட்டது.

பொதுக் கட்டடங்களையும் வீடுகளையும் பயன்படுத்துவோரை மனத்தில் வைத்து அமைப்பது பற்றிய விதிகளை அரசுகளும் தர நிர்ணய அமைப்புகளும் எழுதின. எனினும் எந்தப் படி தடுக்கிறது, எந்தக் கதவு குறுகல் என்பதை முதலில் அளந்து சொன்னவர்களில் பலர் அந்தப் படியாலும் கதவாலும் தடுக்கப்பட்டவர்களே. ஆய்க்குடியின் வரலாறும் இதற்கு ஒரு சான்று.

சுமைதாங்கியும் வாசற்படியும்

பயன்படுத்துபவரின் உடலை அளவாகக் கொண்டு பொது இடத்தில் ஒன்றைக் கட்டும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. பழைய சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கல் அத்தகையது. நிமிர்த்தி நட்ட இரு கற்களின் மேல் ஒரு கல்லைக் கிடத்தி அதை அமைத்தனர். தலைச்சுமையோடு நெடுந்தொலைவு நடப்பவர், இறக்கிவிடவும் தூக்கிவிடவும் ஆள் தேடாமல், குனியாமல் சுமையை அதன் மீது சரித்து வைத்து இளைப்பாறலாம். கல்லின் உயரம் சுமப்பவரின் தலைக்கும் தோளுக்கும் ஏற்ப இருந்தது. பேறுகாலத்தில் வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்களின் நினைவாக இக்கற்களை நடும் வழக்கம் தமிழகத்தின் பல பகுதிகளில் இருந்தது. மாடுகள் உடலைத் தேய்த்துக்கொள்ள நட்ட ஆவுரிஞ்சிக் கல்லும், வழிப்போக்கர் உட்காரவும் படுக்கவும் இடம் தந்த வீட்டுத் திண்ணையும் இதே வகையைச் சேர்ந்தவை.

ஆனால் அதே திண்ணையைத் தாண்டி உள்ளே போவதற்கு இன்னொரு கணக்கு இருந்தது. நெல்லைச் சீமையின் பழைய வீடு தெருவிலிருந்து இரண்டு மூன்று படி உயர்ந்தது. திண்ணை, தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுப்படி, புறவாசல் என்று அது பின்னோக்கி நீளும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலை. ஒவ்வொரு நிலைக்கும் கீழே ஒரு வாசற்படி. மழைநீரையும் பூச்சிபொட்டையும் தடுக்க அது உதவியது. மங்கலப் பொருளாக மஞ்சள் பூசி வணங்கவும் பட்டது. கிணறும் கழிப்பிடமும் கடைசியில், புறவாசலில். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தையோ, பக்கவாதத்தில் விழுந்த முதியவரோ காலைக்கடனுக்குச் செல்ல ஐந்தாறு படிகளைக் கடக்க வேண்டும். தூக்கிச் செல்ல ஆள் இருக்கும் வரை இது ஒரு குறையாகவே தெரிவதில்லை. கூட்டுக் குடும்பத்தில் ஆள் இருந்தது. தூக்கிச் செல்லப்படுபவர் எத்தனை முறை தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டார் என்பதை மட்டும் எவரும் எழுதிவைக்கவில்லை.

வேலூரில் ஒரு முன்னோடி

தமிழகத்தில் இத்திசையில் நடந்த தொடக்க முயற்சிகளில் முக்கியமானவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்தவை. அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போனவர்களுக்கு அங்கே தொழில் கிடைக்கவில்லை. உணர்ச்சியற்ற கையில் மீண்டும் புண் ஏற்பட்டது. எனவே 1951இல் மருத்துவமனைக்கு வெளியே, கிராமத்தைப் போன்ற மண்குடிசைகளைக் கொண்ட நவஜீவ நிலையம் அமைக்கப்பட்டது. நோயாளி எந்த வகை வீட்டுக்குத் திரும்பப் போகிறாரோ, ஏறத்தாழ அதே வகைக் குடிசையில் தங்கித் தொழில் பழகினார். வலி தெரியாத கைக்கு, இறுகிய பூட்டின் சாவியைத் திருகுவதே தோலைக் கிழிக்கப் போதுமானது. சூடான பாத்திரத்தின் பிடியும் கருவியின் காம்பும்கூட ஆபத்தானவை. கட்டடத்தைப் பற்றிய சிந்தனை சுவரோடு நிற்காமல் பூட்டு, பிடி, காம்பு வரை இறங்க வேண்டும் என்பது அங்கே தெரியவந்தது.

பால் பிராண்டின் உடன் பணியாளர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் அவருடைய தண்டுவடம் முறிந்தது. இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. அதன் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்படக் காரணமானார். தண்டுவட முறிவுற்றோர் மாதக்கணக்கில் தங்கி, படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் மாறப் பழகும் இடமாக அது அமைந்தது. மேரி வர்கீசுக்கு 1972இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

ஆய்க்குடி: 1976 முதல்

ஆய்க்குடி, தென்காசியை அடுத்த பேரூராட்சி. அனுமன் நதிக்கரையில் உள்ள பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலால் அறியப்பட்ட ஊர். வேண்டுதல் நிறைவேறியவர்கள் நதியின் படித்துறையில் பாயசத்தை ஊற்ற, குழந்தைகள் படியிலிருந்தே அதை வழித்து உண்ணும் 'படிப் பாயசம்' இக்கோயிலின் தனி வழக்கம். படிகளால் பெயர்பெற்ற ஊர், பின்னாளில் படியில்லாக் கட்டடங்களாலும் பெயர்பெற்றது ஒரு தற்செயல்.

இவ்வூரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரிகள் தேர்வுக்காகப் பெங்களூர் சென்றார். 1976 ஜனவரியில், உடல்திறன் சோதனையின்போது உயரத்திலிருந்து விழுந்து கழுத்துப் பகுதியில் தண்டுவடம் காயமுற்றது. கழுத்துக்குக் கீழே அசைவும் உணர்வும் போயின. ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை அளித்து ஊக்கமும் அளித்தவர் விமானப்படை மருத்துவரான ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன் பின்னாளில் தொடங்கிய அமைப்புக்கு அவர் பெயரையே சூட்டினார்.

ஐக்கிய நாடுகள் அவை 1981ஆம் ஆண்டைச் சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்தது. ('மாற்றுத்திறனாளி' என்ற சொல் தமிழக அரசின் வழக்குக்கு வந்தது 2010ஐ ஒட்டி.) அவ்வாண்டில் சங்கம் எளிய கொட்டகையில், விரல்விட்டு எண்ணத்தக்க குழந்தைகளுடன் தொடங்கப்பட்டது. தசைச்சிதைவு நோயுற்ற பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் 1990களின் தொடக்கத்தில் இணைந்தார். அவரும் சக்கர நாற்காலியில் இயங்குபவர். ஆக, ஒரு கட்டடத்துக்கு வரைபடம் வரும்போது அதைப் பார்த்து ஒப்புதல் தரும் பொறுப்பில் இருந்த இருவருமே அக்கட்டடத்தின் பயனாளிகள். தமிழகப் பொதுக் கட்டட வரலாற்றில் இது அரிதாகவே வாய்த்தது.

சங்கம் ஏறத்தாழ 30 ஏக்கர் வளாகமாக வளர்ந்தது. குழந்தைகள் இல்லம், இயன்முறை சிகிச்சைப் பிரிவு, செயற்கைக் கால், காலிப்பர் செய்யும் பட்டறை, தொழிற்பயிற்சிக் கூடம், அறிவுத்திறன் குறைந்த குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளி, தண்டுவடக் காயமுற்றோர் மறுவாழ்வு மையம் ஆகியவை அங்கு உருவாயின. உடற்குறை உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் சிவ சரஸ்வதி வித்யாலயா பள்ளியும் வளாகத்தில் இயங்குகிறது. இவ்வளாகத்தை 'மாற்றுத்திறனாளிகளின் பள்ளத்தாக்கு' என்று சங்கம் அழைத்துக்கொண்டது. ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

உடலை அளவாகக் கொள்வது

தடையற்ற கட்டடம் என்றதும் சாய்தளம் மட்டுமே பலருக்கு நினைவுக்கு வரும். சாய்தளத்துக்கே ஒரு கணக்கு உண்டு. பரவலாக ஏற்கப்பட்ட சரிவு விகிதம் 1:12. அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகளுக்குப் பதிலாக, 45 சென்டிமீட்டர் ஏற, 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். மேலும் கீழும் நாற்காலி நின்று திரும்பச் சமதளமும் வேண்டும். இடம் இல்லை என்று அதையே ஒன்றரை மீட்டரில் கட்டினால் அது சறுக்குமரம். பின்னாலிருந்து தள்ளுபவர் இருந்தாலும் ஏற்றுவது கடினம். இறங்கும்போது நாற்காலி கவிழும்.

கழுத்தில் தண்டுவடம் முறிந்தவரின் தேவைகள் இதைவிட நுட்பமானவை. விரல்களில் பிடி இல்லாதவரால் உருண்டைக் கைப்பிடியைத் திருக முடியாது. முழங்கையால் அழுத்தித் திறக்கும் நீளப் பிடி வேண்டும். குழாய்க்கும் அதுவே. நம் வீடுகளில் மின்விசைப் பலகை நிற்பவரின் தோளுயரத்தில் இருக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு அது எட்டாது. கட்டிலின் உயரம் நாற்காலி இருக்கையின் உயரத்தோடு ஒத்திருந்தால் ஒரு பலகையை இடையில் வைத்து உடலை நகர்த்தலாம். நான்கு விரற்கடை கூடினாலோ குறைந்தாலோ இரண்டு பேர் தூக்க வேண்டும். கழிப்பறை இருக்கைக்கும் இதே விதி.

இன்னொரு தேவை வெளிநாட்டு விதிநூல்களில் அழுத்தமாகச் சொல்லப்படாதது. கழுத்துத் தண்டுவடக் காயமுற்றவரின் உடல், காயத்துக்குக் கீழே சரிவர வியர்ப்பதில்லை. வெயிலில் உடற்சூடு ஏறும், தானாகத் தணியாது. ஆகவே தமிழ்நாட்டில் மர நிழலும், காற்றோட்டமும், இரு கட்டடங்களை இணைக்கும் கூரையிட்ட நடைபாதையும் அவருக்கு அழகுக்காக அமைபவை அல்ல. சாய்தளத்தில் பளபளவென்று பதிக்கப்படும் எவர்சில்வர் கைப்பிடி சித்திரை வெயிலில் கொதிக்கும். உணர்ச்சியற்ற கை அதைப் பற்றினால் கொப்புளம் கண்ட பிறகே தெரியும். குற்றாலச் சாரல் காலத்தில் சிக்கல் வேறு. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றும் தூறலும் ஆனி, ஆடி மாதங்களில் தரையை நாள்முழுதும் ஈரமாக வைத்திருக்கும். வழவழப்பான ஓட்டுத்தரையில் ஊன்றுகோலின் ரப்பர் முனை வழுக்கும்.

ஒருவருக்கு வசதியானது மற்றொருவருக்கு இடைஞ்சலாவதும் உண்டு. காலிப்பர் அணிந்து ஊன்றுகோலோடு நடப்பவர்களில் சிலருக்கு நீண்ட சாய்தளத்தைவிட, இருபுறமும் கைப்பிடி உள்ள தாழ்ந்த படிகளே எளிது. பார்வையற்றவருக்குத் தெருவின் விளிம்பைக் காலால் உணர்த்துவது நடைமேடையின் உயர்ந்த கல்தான். நாற்காலிக்காக அதைச் சரித்துவிட்டால் அவர் அறியாமலே வாகனங்களின் நடுவே இறங்கிவிடுவார். ஆகவே சரித்த இடத்தில் புடைப்புள்ள ஓடு பதிக்க வேண்டும்.

இந்தியாவுக்கே உரிய பயனாளி ஒருவரும் உண்டு: தவழ்பவர். இளம்பிள்ளை வாதம் பரவியிருந்த காலத்தில், நாற்காலிக்கும் காலிப்பருக்கும் வழியில்லாத ஏழைக் குழந்தைகள் கையூன்றித் தவழ்ந்தும், சிறு சக்கரப் பலகையில் அமர்ந்தும் நகர்ந்தனர். இந்தியாவில் கடைசி இளம்பிள்ளை வாத நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். 2014இல் நாடு அந்நோயற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. ஆனால் அன்று தவழ்ந்தவர்கள் இன்று நடுவயதினர். அவர்களுக்குச் சொரசொரப்பான சாய்தளம் முழங்காலைத் தேய்க்கும். மேற்கத்திய கழிப்பறை இருக்கை ஏறமுடியாத உயரம். தரையோடு அமைந்த கோப்பையும் தாழ்ந்த குழாயுமே வசதி. நாற்காலியை மட்டுமே அளவாகக் கொண்ட கட்டட விதி இவர்களைக் காண்பதில்லை.

உலகில் இக்கருத்தின் வளர்ச்சி

இரண்டாம் உலகப் போரில் காயமுற்றுத் திரும்பிய வீரர்கள் பலர் அமெரிக்காவில் கல்லூரிகளில் சேர முன்வந்தனர். வகுப்பறைகளோ படிகளுக்கு மேல் இருந்தன. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டிமோதி நியூஜென்ட் 1948இல் தொடங்கிய மாணவர் திட்டம், வளாகக் கட்டடங்களில் சாய்தளம் அமைப்பதில் முன்னோடியாயிற்று. அவர் வழிநடத்திய ஆய்வின் பயனாக 1961இல் அமெரிக்காவின் முதல் தடையற்ற கட்டடத் தரவரையறை வெளிவந்தது. இங்கிலாந்தில் செல்வின் கோல்ட்ஸ்மித், கட்டடக் கலைஞராகத் தகுதிபெற்ற 1956ஆம் ஆண்டிலேயே இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளானார். அவருடைய கையேடு 1963இல் வெளிவந்தது. பின்பு நாரிச் நகரில் சக்கர நாற்காலி பயன்படுத்துவோரை நேரில் கண்டு பேசி, தெரு விளிம்புகளைச் சரித்துக் கட்டச் செய்தார். ஜப்பானின் ஒகயாமா நகரில் செய்இச்சி மியாக்கே உருவாக்கிய புடைப்பு ஓடுகள் 1967 மார்ச்சில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. சென்னை மெட்ரோ நிலையங்களில் காணும் மஞ்சள் ஓடுகளின் மூலம் அதுவே.

'அனைவருக்குமான வடிவமைப்பு' என்ற கருத்தை 1980களில் பரப்பியவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் கண்ட அவர், பல்கலைக்கழகத்தில் படித்தபோது படிகளில் தூக்கிச் செல்லப்பட்டவர். நாற்காலி நுழையாத கழிப்பறைகளோடு போராடியவர். மாற்றுத்திறனாளிக்கென்று தனி வாசல் அமைப்பதைவிட, எல்லாரும் வரும் வாசலையே எல்லாருக்கும் ஏற்றதாகக் கட்ட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. சரியாக அமைந்த சாய்தளம் பள்ளிப் பையுடன் வரும் சிறுவனுக்கும், தள்ளுவண்டி வியாபாரிக்கும், முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும்கூட உதவக்கூடும்.

சட்டம்: 1995 முதல் 2024 வரை

இந்தியாவில் 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம், பொதுக் கட்டடங்களிலும் மருத்துவமனைகளிலும் சாய்தளம், சக்கர நாற்காலிக்கு ஏற்ற கழிப்பறை, மின்தூக்கியில் பிரெய்ல் எழுத்தும் ஒலி அறிவிப்பும் வேண்டும் என்றது. ஆனால் தத்தம் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்ற ஒரு தொடரையும் சேர்த்துவிட்டது. பணம் இல்லை என்று சொல்லத் தெரிந்த எந்த அலுவலகத்துக்கும் அது போதுமானதாயிற்று. மத்திய பொதுப்பணித் துறை 1998இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. இந்தியா 2007இல் அதை ஏற்று உறுதிசெய்தது. அதன் விளைவான 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் முந்தையதைவிடக் கடுமையானது. விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி இல்லை; பணி நிறைவுச் சான்றும் இல்லை. பழைய பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியானதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும். விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. ஐந்தாண்டு 2022இல் முடிந்தது. மாறாத கட்டடங்களைத் தாலுகா அலுவலகம் தேடிப் போகும் எவரும் காணலாம்.

பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த பொதுநல வழக்கில் 2017 டிசம்பரில் விரிவான ஆணைகள் பிறந்தன. அவை நிறைவேறாத நிலையில், 2024 நவம்பர் 8 அன்று நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பை அளித்தது. தர வரையறைகளைக் கட்டாயமாக்க வேண்டிய விதி 15, அவற்றை வெறும் பரிந்துரைகளாகவே விட்டுவைத்ததால் சட்டத்துக்கு முரணானது என்று கூறி, மூன்று மாதங்களில் கட்டாயத் தரங்களை வகுக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. ஆய்க்குடிக் கொட்டகையிலிருந்து எண்ணினால் அது 43ஆவது ஆண்டு.

நடைமுறையில்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேர் உடல் அல்லது மனக் குறைபாடு உடையவர்கள். தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம். முதுமையால் நடை தளர்ந்தவர்களில் பெரும்பாலோர் இக்கணக்கில் வரமாட்டார்கள்.

கிராமப்புறத்தில் சாய்தளம் முதலில் எட்டிப்பார்த்த பொதுக் கட்டடம் பள்ளிக்கூடம். பள்ளியே வாக்குச்சாவடி என்பது இதற்கு ஒரு காரணம். 2004 நாடாளுமன்றத் தேர்தலின்போது வாக்குச்சாவடிகளில் சாய்தளம் அமைக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அனைவருக்கும் கல்வித் திட்டமும் பள்ளிகளில் சாய்தளம் கட்ட நிதி தந்தது. ஆயினும் கட்டியவற்றில் பல, கணக்குக் காட்டக் கட்டியவை. செங்குத்தாக ஏறும், முடிவில் திரும்ப இடமின்றிக் கதவில் முட்டும், அல்லது சைக்கிள் நிறுத்துமிடமாகும். வகுப்பறைக்குச் சாய்தளம் உண்டு. கழிப்பறையோ மணல் மைதானத்துக்கு அப்பால், இரண்டு படிக்கு மேல் இருக்கும். நாற்காலியில் வரும் சிறுமி ஆறாம் வகுப்பில் சேர்வாள், பூப்பெய்திய பிறகு வரமாட்டாள். பள்ளிப் பதிவேட்டில் அது 'இடைநிற்றல்' என்று பதிவாகும். கழிப்பறை அதில் இடம்பெறாது.

சென்னை மெரினாவில் நடந்தது வேறொரு பாடம். சில ஆண்டுகள் டிசம்பர் மாற்றுத்திறனாளிகள் நாளை ஒட்டி மட்டும் மணலில் தற்காலிகப் பாதை போடப்பட்டது. மாற்றுத்திறனாளி அமைப்புகளின் தொடர் வற்புறுத்தலால் 263 மீட்டர் நீள நிரந்தர மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. கடலையே முதன்முறை அருகில் பார்த்தவர்களும் வந்தனர். இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் அதன் கடலோர முனையைச் சிதைத்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டது.

ஆய்க்குடி போன்ற வளாகங்களைக் குறித்தும் ஒரு கேள்வி உண்டு. மதிலுக்குள் தடையே இல்லாத உலகம். வாசலைத் தாண்டினால் உயர்ந்த படியுள்ள பேருந்து. எல்லா வசதியும் ஓரிடத்தில் குவிந்தால் ஊர் மாற வேண்டிய கட்டாயம் குறைந்துவிடாதா? இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் 1981இல் ஊர் மாறும் வரை காத்திருந்தால் அந்தக் குழந்தைகள் படித்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. சங்கம் வளாகத்தோடு நிற்கவும் இல்லை. சுற்று வட்டார கிராமங்களுக்குப் பணியாளர்களை அனுப்பி, வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிக்கும் கிராமிய மறுவாழ்வுப் பணியை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. வளர்ச்சி தாமதமான பிள்ளைகளை இளவயதிலேயே கண்டறிந்து தொடர்ந்து கவனிக்கக் கைப்பேசிச் செயலியையும் உருவாக்கியுள்ளது.

வீடு

பொதுக் கட்டடத்துக்குச் சட்டமாவது உண்டு. வீட்டுக்குள் சட்டம் நுழைவதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் 5 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. பிரதமர் வீட்டு வசதித் திட்டம் தரைத்தள வீடுகளில் அவர்களுக்கும் முதியோருக்கும் முன்னுரிமை தரச் சொல்கிறது. தரைத்தளம் கிடைத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பதே முக்கியம். சிறிய வீட்டின் கழிப்பறை நான்கடிக்கு மூன்றடி அளவில் கட்டப்படுகிறது. சக்கர நாற்காலி மட்டுமே ஏறக்குறைய மூன்றரை அடி நீளம். அது ஒரு முழு வட்டம் திரும்ப ஐந்தடி வேண்டும். கதவோ உள்நோக்கித் திறப்பது. உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்தால் அவர் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. கதவை வெளிநோக்கித் திறக்கும்படி மாட்டக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. கட்டும்போது ஒருவர் சொல்ல வேண்டும், அவ்வளவே.

மறுவாழ்வு மையங்களில் நாற்காலி பழகி ஊர் திரும்புபவர், பெரும்பாலும் பனைமரமோ தென்னையோ கட்டடச் சாரமோ தவறி விழுந்தவர், அல்லது இருசக்கர வாகன விபத்தில் சிக்கியவர். இருபது முப்பது வயது ஆண். வீடு வேறு யாருடைய உடலுக்காகவோ, முன்பு அவருக்கிருந்த உடலுக்காகவோ கட்டப்பட்டது. அதை இடித்துக் கட்டப் பணம் இருப்பதில்லை. ஆகவே கைக்கு எட்டியதைக் கொண்டு மாற்றுகிறார்கள். வாசற்படிக்கு இருபுறமும் மண்ணைக் கொட்டிச் சிமெண்டுப் பூச்சு. கழிப்பறைக் கதவைக் கழற்றிவிட்டு ஒரு திரை. பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவே வட்டமாக வெட்டித் தரைக் கோப்பையின் மேல் வைப்பது. படுக்கையின் மேல் உத்தரத்திலிருந்து பிடித்தெழ ஒரு கயிறு. பலகையாலான கட்டிலின் கால்களை நாற்காலி உயரத்துக்கு அறுப்பது. இவற்றைச் செய்து கொடுப்பவர் பெரும்பாலும் உள்ளூர்க் கொத்தனாரோ தச்சரோதான். அளவு சொல்பவர் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்.